வாங்கக்காவும் மூன்று மஞ்சள் வரிகளும்

அந்தப் பன்னாட்டுப் பள்ளியில் அவளுடைய வேலைக்கு நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. வரவேற்பு மேசையில் பித்தளைப் பலகையில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி அவளை இதுவரை ஒரு ஜீவனும் கூப்பிட்டதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது: வாங்கக்கா. வாசலில் யார் கால் வைத்தாலும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து "வாங்க, வாங்க" என்பாள். தூதரக அதிகாரிக்கும் அதே வாங்கதான், தண்ணீர்க் கேன் போட வருகிறவருக்கும் அதே வாங்கதான். ஒருமுறை தெருநாய் ஒன்று வரவேற்பறைக்குள் நுழைந்தபோதும் வாய் தவறி "வாங்க" என்று சொல்லிவிட்டாள் என்று காவலாளி சத்தியம் செய்வார். அவள் அதை மறுப்பதும் இல்லை.

ஒரு மாதத்துக்கு என்று வந்து சேர்ந்தவள். பிரசவ விடுப்பில் போனவருக்குப் பதிலாக உட்காரச் சொன்னார்கள். போனவர் திரும்பி வரவில்லை, உட்கார்ந்தவள் எழுந்து போகவில்லை. பத்தொன்பது வருடம் ஓடிப்போனது. இடையில் ஒரே ஒரு தடவை தன் மகளுக்கு ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தாள். கட்டணச் சலுகை பாடம் நடத்துகிறவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்து, அடுத்த நிமிடம் வாசலில் நின்ற யாரையோ "வாங்க" என்றாள். மகள் இரண்டு தெரு தள்ளி இருந்த சாதாரணப் பள்ளியில் படித்து, நன்றாகவே படித்து, இப்போது வேறு ஊரில் செவிலியாக இருக்கிறாள். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

புதுக் கல்வி வருடத்தின் முதல் நாள் அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வரவேற்பு மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெரிய அரங்கின் வாசலில் ஒரு சிவப்பு மிதியடி. புதிதாகச் சேர்ந்த குழந்தை அதன்மேல் வந்து நிற்க வேண்டும். வாங்கக்கா அதன் பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டு, உள்ளே இருக்கும் நானூறு பிள்ளைகளுக்கும் கேட்கும்படி அதன் பெயரை உரக்கச் சொல்வாள். நானூறு பேரும் கை தட்டுவார்கள். குழந்தை அந்தக் கைதட்டலுக்கு நடுவே நடந்து போய்த் தன் ஆசிரியையிடம் சேரும். அவ்வளவுதான். ஆனால் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பிடுங்கி வந்து நடப்பட்ட பிள்ளைகள் அவை. அந்த இருபது அடி தூரத்தை நடந்து முடிக்கையில் முகம் மாறுவதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

பெயரைச் சொல்கிற வேலை அவளிடம் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ஆரம்ப நாட்களில் ஒரு பையனை முதல் நாளே மூன்று பேர் மூன்று விதமாகத் தப்பாகக் கூப்பிட, அவன் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். கதவைத் திறக்க வைக்க இரண்டு மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து ஒவ்வொரு புதுக் குழந்தையின் தாய்க்கும் முன்கூட்டியே போன் போடுவாள். "உங்க பிள்ளை பேரை நீங்க கூப்பிடுற மாதிரியே ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்டு, எங்கே நீட்டல், எங்கே அழுத்தம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாள். வீட்டில் சமைத்துக்கொண்டே சொல்லிப் பழகுவாள். லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவர் கேலி செய்வார்:

"ஒரு வாரமா அடுப்புகிட்ட நின்னு ஊரையே கூப்பிடுறே. வெங்காயம் உரிக்க ஒருத்தராவது வந்தாங்களா?"

அடுத்து வருவது இந்த வருடத்துக் கூத்து.

சேர்க்கைப் பிரிவு அலுவலருக்கு ஹைலைட்டர் என்று பட்டப்பெயர். எதையும் வாயால் சொல்ல மாட்டார், வண்ணம் தீட்டிக் காட்டுவார். இடம் உறுதியான பிள்ளைகளையும் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிற பிள்ளைகளையும் ஒரே தாளில் எழுதி, காத்திருப்பவர்களின் வரிகளுக்கு மட்டும் மஞ்சள் அடித்துக் கணினியில் அனுப்புவார். வருடா வருடம் வாங்கக்கா அதை அச்செடுத்து, மஞ்சளைத் தள்ளி மற்றவர்களுக்கு வரவேற்புக் கடிதம் எழுதுவாள். இந்த வருடம் அச்சு இயந்திரத்தில் வண்ண மை இல்லை. இருந்த மை முழுவதும் 'இங்கே எல்லோருக்கும் இடம் உண்டு' என்று அரங்கின் குறுக்கே கட்டுவதற்கு நாற்பது அடித் தோரணம் அச்சடித்ததில் தீர்ந்துபோயிருந்தது. கறுப்பு மையில் பட்டியலை எடுத்தாள். மஞ்சள் போன இடம் தெரியவில்லை. எல்லா வரிகளும் ஒரே வெள்ளையில் சமர்த்தாக நின்றன.

அறுபத்தொரு பேருக்குப் போக வேண்டிய கடிதம் அறுபத்துநான்கு பேருக்குப் போனது. அதிலும் அவள் ஏனோதானோ என்று எழுதுகிறவள் இல்லை. ஒவ்வொரு கடிதத்தின் கீழும் கைப்பட ஒரு வரி எழுதி, படமெடுத்து மின்னஞ்சலில் சேர்த்து அனுப்புவாள். 'உன் பெயரை நான் சரியாகச் சொல்லப் பழகிவிட்டேன். பழைய வீட்டில் உன் ஜன்னல் வழியாகத் தெரிந்ததை வரைந்து கொண்டு வா. வாசலில் காத்திருப்பேன்.'

பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை, அட்டைகளை வகுப்பு வாரியாக அடுக்குகையில்தான் குட்டு வெளிப்பட்டது. நாற்காலி அறுபத்தொன்று, அட்டை அறுபத்துநான்கு. மூன்று முறை எண்ணினாள். பிறகு கணினியில் அந்தத் தாளைத் திறந்தாள். மூன்று மஞ்சள் வரிகள் கண்ணைக் குத்தின.

"மஞ்சள்ல தெளிவா போட்டிருந்தேனேம்மா!" என்றார் ஹைலைட்டர்.

"பிரின்ட்ல மஞ்சள் வரல சார்."

"அப்போ கலர்ல எடுத்திருக்கணும்."

அதோடு அவர் கடமை முடிந்தது. கூடுதலான மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, தாளில் இன்னொரு வண்ணம் அடிக்கப் போய்விட்டார்.

மூன்று வீட்டுக்கும் போன் போட்டாள். முதல் தாய் வாய்க்கு வந்தபடி திட்டினாள். இரண்டாவது வீட்டுத் தந்தை ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார். திட்டியவளே தேவலை என்று இருந்தது. மூன்றாவது எண் உபயோகத்தில் இல்லை என்றது. ரெண்டாம் வகுப்புக்கு வர வேண்டிய பெண் குழந்தை அது. தகப்பன் பாலம் கட்டும் கம்பெனியில் பொறியாளர். போன மாதம் பெயர் கேட்கப் பேசியபோது தாய் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. "நாங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுவோங்க. மூணு ஸ்கூல் ஆச்சு. மூணுலயும் இவ பேரைக் கொலை பண்ணிட்டாங்க. இவளே இப்ப யாராவது கேட்டா பேரைச் சொல்ல மாட்டேங்கிறா. நீங்கதாங்க மொதல் தடவையா கேக்குறீங்க." இப்போது அவர்கள் பழைய ஊரைக் காலி செய்துகொண்டு வழியில் எங்கோ இருக்கிறார்கள். பழைய எண்ணையும் விட்டாயிற்று. மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக நான்கு அனுப்பினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

முதல்வர் அம்மாவிடம் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"ஒரு வகுப்புக்கு இருபத்திரண்டு பேர். இருபத்துமூணுன்னு ஆக்கினா மத்த பெற்றோரெல்லாம் என் ரூம் வாசல்ல நிப்பாங்க. அங்கீகாரம் குடுத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும். என்னால முடியாதும்மா."

"தப்பு என்னுது மேடம். குழந்தை என்ன பண்ணுச்சு?"

"அந்தப் பொண்ணுதான் காத்திருப்புல மொத ஆள். முதல் நாள் பத்து மணி மணி அடிக்கறதுக்குள்ள ரெண்டாம் வகுப்புல யாராவது வராமப் போனா, முன்கூட்டி லீவு எழுதியும் குடுக்கலேன்னா, அந்த இடம் அவளுக்கு. விதியில அது இருக்கு. இல்லேன்னா நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. நீங்க சொன்னா யாரும் கோபப்பட மாட்டாங்க."

யாரும் கோபப்பட மாட்டார்கள் என்பதற்காகத்தான் பத்தொன்பது வருடமாக அவளை அந்த மேசையில் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் வீட்டில் தட்டில் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதைக் கணவர் கேட்டு முடித்து, தன் தொழிலில் இருந்தே ஒன்று சொன்னார். "லிஃப்ட்ல ஒரு ஆள் கூடிட்டா மணி அடிக்கும். யாராவது இறங்கணும். எப்பவும் கடைசியா ஏறின ஆள்தான் இறங்குவான். முன்னாடியே ஏறினவன் ஒருத்தனும் அசைய மாட்டான். நானும் இத்தனை வருஷமா பாக்குறேன்."

"இறங்குற ஆளு என்ன பண்ணுவான்?"

"சிரிச்சுக்கிட்டே இறங்குவான். அதான் பாவமா இருக்கும்."

அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, எல்லோருக்கும் முன்னால், அவர்கள்தான் வந்தார்கள். பொறியாளர், அவர் மனைவி, நடுவில் அந்தப் பெண். ஏழு வயது. புதுச் சீருடை, ஒரு சுற்று பெரிதாக எடுத்தது. கையில் சுருட்டிப் பிடித்த தாள். வாங்கக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வாங்க, வாங்க."

"நீங்கதானே போன்ல பேசினது? குரலை வெச்சே கண்டுபிடிச்சிட்டேன்" என்று தாய் கையைப் பிடித்துக்கொண்டாள். "லெட்டரை பிரின்ட் எடுத்து இவ தலைகாணிக்குக் கீழேயே வெச்சிருந்தா."

குழந்தையை மூலையில் இருந்த மீன்தொட்டியைப் பார்க்க அனுப்பிவிட்டு, வாங்கக்கா சொன்னாள். பக்குவம் எல்லாம் ஒன்றும் வரவில்லை. மை தீர்ந்தது, மஞ்சள் வராதது, தப்பு தன்னுடையது என்று போட்டு உடைத்தாள். தாய் பிடித்த கையை விடவில்லை, விட மறந்துபோயிருந்தாள். பொறியாளர் பித்தளைப் பலகையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஃபீஸ் லெட்டர் வரலையேன்னு நெனச்சேன். கம்பெனிக்கே நேரா அனுப்பியிருப்பீங்கன்னு விட்டுட்டேன். வேற ஒரு ஸ்கூல்ல இடம் இருந்துச்சுங்க. உங்க லெட்டர் வந்ததும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டோம்."

"பத்து மணி வரைக்கும் இருங்க சார். ரெண்டாம் வகுப்புல யாராவது வராம இருந்தா இடம் உண்டு."

"வராம இருப்பாங்களா?"

"இருங்க" என்றாள். குழந்தையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று தாய் கண்ணால் கெஞ்சினாள். மூவரையும் அரங்கு வாசலுக்கு எதிரே இருந்த நீள நாற்காலியில் உட்கார வைத்தாள். அங்கிருந்து மிதியடி நன்றாகத் தெரியும். வேறு இடம் பார்த்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

ஒன்பது மணிக்குக் குடும்பங்கள் வர ஆரம்பித்தன. வருடத்திலேயே அவளுக்குப் பிடித்த ஒரு மணி நேரம் அது. புதுச் செருப்புச் சத்தம், தூக்கக் கலக்கத்தில் தகப்பன்மார், காரணமே இல்லாமல் மன்னிப்புக் கேட்கும் தாய்மார். ஒவ்வொரு குழந்தையாக மிதியடியில் ஏறியது. அட்டையை மாட்டினாள், ஜன்னல் படத்தை வாங்கிப் பலகையில் குத்தினாள், பெயரைச் சொன்னாள். அரங்கு தட்டியது. எதிர் நாற்காலியில் அந்தப் பெண்ணும் தட்டினாள். ஒவ்வொருவருக்கும் தட்டினாள். ஒருவரையும் விடவில்லை. தாளை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தட்டினாள்.

வாங்கக்கா அட்டைகளை மட்டுமே பார்த்தாள். ரெண்டாம் வகுப்புக்குப் புதியவர்கள் ஐந்து பேர். ஒன்பதேகாலுக்கு இருவர் வந்தார்கள். ஒன்பதரைக்குள் இன்னும் இருவர். மேசையில் ரெண்டாம் வகுப்பின் ஒரே ஓர் அட்டை மிஞ்சியது. ஒரு பையனுடையது. ஒன்பதே முக்காலுக்கு மற்ற வகுப்பு அட்டைகளும் தீர்ந்து, அது தன்னந்தனியாகக் கிடந்தது. வராதே, வராதே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. எத்தனை ஆயிரம் பேரை வாங்க என்று சொன்ன மனசு! அந்தப் பையன் யார், எங்கிருந்து வருகிறான், ஒன்றும் அவளுக்குப் பகை இல்லை. காய்ச்சல் வரட்டும், சாதாரணக் காய்ச்சல்தான், ஒரே நாள் காய்ச்சல் என்றுகூட வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டியதை நினைத்து அவளுக்கே கூசியது.

மேசைத் தொலைபேசி மணி அடித்தது.

மூன்றாவது மணிக்குள் எடுக்க வேண்டும் என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். இரண்டாவது மணியில் எடுத்திருந்தாள். கை அதுவாகப் போனது.

"ஸ்கூல்தானே? வழி தெரியாம மாட்டிக்கிட்டோம்" என்றது மூச்சு வாங்கும் ஒரு பெண் குரல். "மேப் காட்டின கேட்டுல நிக்கிறோம். பூட்டியிருக்கு. ஆளே இல்ல. பையன் அழுறான்."

அது பழைய கட்டடத்தின் வாசல். மூடி இரண்டு வருடம் ஆகிறது. வரைபடத்தில் இன்னும் அதுதான் இருக்கிறது. அங்கிருந்து இங்கே வர இரண்டு வழி. பெரிய சாலை வழி, எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற வழி, நான்கு சிக்னல், இந்த நேரத்தில் அரை மணி ஆகும். இன்னொன்று மதிலை ஒட்டிய சந்து, பேருந்து ஓட்டுநர்களுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது, ஏழு நிமிடம். மணி ஒன்பது நாற்பத்தெட்டு. பெரிய சாலையைச் சொல்வது பொய்கூட இல்லை. யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. ஹைலைட்டரால்கூட எந்த வண்ணத்தையும் அதற்கு அடிக்க முடியாது.

அவள் நிமிர்ந்து எதிர் நாற்காலியைப் பார்த்தாள். பொறியாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் வருவது என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"பெரிய ரோட்டுல..." என்று ஆரம்பித்தாள்.

போனுக்குள் பையன் விம்முவது கேட்டது. அம்மா, நம்மள உள்ள விட மாட்டாங்களா என்று கேட்டான்.

"பெரிய ரோட்டுல ஏறாதீங்க" என்றாள் வாங்கக்கா. "மதிலை ஒட்டியே வலது பக்கம் ஒரு சந்து போகும் பாருங்க. டாக்ஸி நுழையும், பயப்பட வேண்டாம். முடியுற இடத்துல இடது பக்கம் திரும்பினா எங்க வாசல். நான் நிக்கிறேன். வாங்க."

போனை வைத்தாள். பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி மகளின் பின்னலைப் பிரித்து, மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு டாக்ஸி வந்தது. அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பையன், சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தான். வாங்கக்கா பாதி இல்லை, முழுசாகவே எழுந்து ஓடி, "வாங்க, வாங்க, வந்துட்டீங்களே!" என்றாள். அந்தக் குரலில் துளி பொய் இல்லை. அதுதான் அவளுக்கு வந்த கேடு. அழுத பிள்ளை ஒன்று வாசலில் நின்றால் அவளுக்கு வேறு குரல் வராது. மேசையில் மிஞ்சியிருந்த அட்டையை எடுத்து அவன் கழுத்தில் மாட்டினாள். மிதியடியில் நிறுத்தினாள். அவன் பெயரைச் சொன்னாள், நீட்டல் நீட்டலாக, அழுத்தம் அழுத்தமாக. நானூறு பேர் தட்டினார்கள். எதிர் நாற்காலியிலிருந்தும் சத்தமாக ஒரு கைதட்டல் வந்தது. பையன் சிரித்துக்கொண்டே நடந்து போய் ரெண்டாம் வகுப்பு ஆசிரியையிடம் சேர்ந்தான். இருபத்திரண்டு.

உள்ளே முதல்வர் அம்மா மேடையில் ஏறி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். காவலாளி அரங்கின் கதவைச் சாத்துவதற்காக வந்து நின்றார். பத்து மணி மணி அடித்தது.

வாங்கக்கா பெற்றோரிடம் போகத் திரும்பினாள். ஆனால் நாற்காலியில் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள்.

அந்தப் பெண் மிதியடியில் நின்றுகொண்டிருந்தாள்.

வாசலில் யாரும் இல்லை என்று அவளும் பார்த்திருக்கிறாள். எல்லோரும் போயாயிற்று, மிச்சம் தான் மட்டும் என்று அவளாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். பெரிய சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, படத்தை நீட்டினாள். எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டி, ஒழுகும் குழாய், குழாய்க்கு அடியில் ஒரு பக்கெட். பக்கெட்டுக்கு நீல வண்ணம் கொடுத்திருந்தாள். வாங்கக்கா அதை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் எப்படி இருப்பது?

"கடைசி நான்தானே ஆன்ட்டி?"

பின்னால் தாய் எழுந்து வரும் சத்தம் கேட்டது. அதற்குள் முன் வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகள் மிதியடியில் இன்னும் ஒரு குழந்தை நிற்பதைப் பார்த்துவிட்டார்கள். ஒரு மணி நேரமாக அதுதானே அவர்களுடைய வேலை. இரண்டு பேர் தட்டினார்கள். பிறகு பத்துப் பேர். பிறகு பெயர் வராமலேயே அரங்கு முழுக்கத் தட்ட ஆரம்பித்தது. மேடையில் முதல்வர் அம்மா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். யாரும் அதைப் பார்க்கவில்லை.

அந்தப் பெயர் வாங்கக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வாரம் அடுப்படியில் சொல்லிப் பழகிய பெயர். கழுத்தில் மாட்ட அட்டை இல்லை, உள்ளே நாற்காலி இல்லை. கூப்பிட்டால் அவள் நடந்து போவாள். போய் யாரிடம் சேர்வாள்?

குழந்தை அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"எல்லாரும் தட்டுறாங்க ஆன்ட்டி. பேரைச் சொல்லுங்க."